வீட்டுப் பாதுகாப்பு நிகழ்பட விளையாட்டுகள்

வீட்டுப் பாதுகாப்பு நிகழ்பட விளையாட்டுகள் என்பவை, வீட்டினுள்ளும் வீட்டைச் சுற்றியும் குழந்தைகளுக்கு ஏற்படக்கூடிய தீக்காயம், விழுதல், நஞ்சு உட்கொள்ளல், நாய்க்கடி போன்ற காயங்களைத் தவிர்ப்பதற்குக் கற்பிக்கும் நோக்குடன் உருவாக்கப்படும் கணினி அல்லது கைபேசி விளையாட்டுகள் ஆகும். பேச்சு வழக்கில் வீடியோ கேம் என்று அறியப்படும் நிகழ்பட விளையாட்டின் காட்சி, கதை, புள்ளி, படிநிலை ஆகிய கூறுகளை இவை கற்பித்தலுக்குப் பயன்படுத்துகின்றன. பொழுதுபோக்கைத் தவிர்த்த வேறொரு பயனை முதன்மை நோக்காகக் கொண்ட விளையாட்டுகள் பயன்நோக்கு விளையாட்டுகள் எனப்படுகின்றன. வீட்டுப் பாதுகாப்பு விளையாட்டுகள் அவற்றின் ஒரு பிரிவாகும்.

இவ்விளையாட்டுகள் குழந்தைகளின் பாதுகாப்பு அறிவை வளர்க்கின்றன என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் உள்ளன. அந்த அறிவு உண்மையான ஆபத்தின்போது செயலாக மாறுகிறதா என்பதில் முடிவுகள் ஒரே தன்மையாக இல்லை. இத்துறையின் நடுவண் கேள்வியும் இதுவே ஆகும்.

பின்னணி

உலக சுகாதார அமைப்பும் யுனிசெப் நிறுவனமும் இணைந்து 2008ஆம் ஆண்டில் குழந்தைக் காயத் தடுப்பு பற்றிய உலக அறிக்கையை வெளியிட்டன. 2004ஆம் ஆண்டின் தரவுகளை அடிப்படையாகக் கொண்ட அவ்வறிக்கையின்படி, தற்செயலான காயங்களால் ஆண்டுக்குச் சுமார் 8,30,000 குழந்தைகள் இறந்தனர். இது நாளொன்றுக்கு 2,000க்கும் மேற்பட்ட இறப்புகளாகும். சாலை விபத்து, நீரில் மூழ்குதல், தீக்காயம், விழுதல், நஞ்சு உட்கொள்ளல் ஆகிய ஐந்தும் முதன்மைக் காரணங்களாகக் குறிக்கப்பட்டன. இவற்றுள் தீக்காயத்தால் சுமார் 96,000 குழந்தைகளும், விழுதலால் சுமார் 47,000 குழந்தைகளும், நஞ்சால் சுமார் 45,000 குழந்தைகளும் இறந்தனர். இறப்புகளில் ஏறத்தாழ 95 விழுக்காடு குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் நிகழ்ந்தவை.

மிகச் சிறு வயதில் ஏற்படும் காயங்களுள் பெரும்பகுதி வீட்டிலேயே நிகழ்கிறது. குழந்தை தன் நேரத்தில் பெரும்பகுதியை வீட்டில் கழிப்பது இதற்கு ஒரு காரணம். அடுப்பு, வெந்நீர், மருந்து, துப்புரவுப் பொருள்கள், மாடிப்படி ஆகியவை பெரியவர்களின் உயரத்தையும் அறிவையும் கருதி அமைக்கப்பட்டிருப்பது மற்றொரு காரணம்.

காயத் தடுப்பு அறிவியல்

இவ்விளையாட்டுகளின் இடத்தை அறியக் காயத் தடுப்பு அறிவியலின் அடிப்படைகளை அறிதல் வேண்டும். விபத்து என்பது விதியின் விளைவு அல்லது கவனக்குறைவின் விளைவு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1949ஆம் ஆண்டில் ஜான் கோர்டன் என்னும் நோய்ப்பரவலியல் அறிஞர், காயங்களும் நோய்களைப் போலவே குறிப்பிட்ட ஒழுங்கில் நிகழ்கின்றன என்று எடுத்துக்காட்டினார். 1961இல் உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன், உடலுக்குள் கடத்தப்படும் ஆற்றலே காயத்தின் நேரடிக் காரணம் என விளக்கினார். வெந்நீரில் அது வெப்ப ஆற்றல். விழுதலில் இயக்க ஆற்றல். நஞ்சில் வேதி ஆற்றல்.

இக்கருத்துகளை வில்லியம் ஹேடன் என்னும் அமெரிக்க மருத்துவர் ஒரு கட்டமைப்பாக வளர்த்தார். ஹேடன் அணி எனப்படும் அட்டவணையில் காயத்திற்கு முன், காயத்தின்போது, காயத்திற்குப் பின் என மூன்று கட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு கட்டத்திலும் மனிதர், ஆற்றலைக் கடத்தும் பொருள், சூழல் ஆகியவற்றில் எதை மாற்றலாம் என்று அட்டவணை கேட்கிறது. குழந்தைக்குக் கற்பித்தல் என்பது இந்த அட்டவணையின் கட்டங்களுள் ஒன்று மட்டுமே.

தடுப்பு வழிகள் பொதுவாகக் கல்வி, சட்டம், பொறியியல் என மூன்றாக வகுக்கப்படுகின்றன. பொறியியல் வழியின் சில எடுத்துக்காட்டுகள் பின்வருமாறு:

* கைவிடப்பட்ட குளிர்பதனப் பெட்டிகளுக்குள் குழந்தைகள் சிக்கி இறந்ததைத் தொடர்ந்து, 1956இல் ஐக்கிய அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. பெட்டியின் கதவு உள்ளிருந்து தள்ளினால் திறக்க வேண்டும் என்பது அதன் சாரம்.
* 1970இல் அந்நாட்டில் இயற்றப்பட்ட நஞ்சுத் தடுப்புப் பொதியச் சட்டம், மருந்துகளுக்கும் சில வீட்டு வேதிப்பொருள்களுக்கும் குழந்தைகளால் எளிதில் திறக்க இயலாத மூடிகளைக் கட்டாயமாக்கியது. ஆஸ்பிரின் மாத்திரையால் ஏற்பட்ட குழந்தை இறப்புகள் அதன் பின்னர் பெரிதும் குறைந்தன.
* நியூயார்க் நகரம் 1976இல், சிறு குழந்தைகள் வாழும் அடுக்குமாடி வீடுகளில் சன்னல் தடுப்புகளைக் கட்டாயமாக்கியது.
* வாசிங்டன் மாநிலம் 1983இல், வெந்நீர்க் கொதிகலன்களைச் சுமார் 49 பாகை செல்சியசில் அமைத்து விற்க வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. 60 பாகை நீர் ஏறத்தாழ 5 நொடிகளில் பெரியவரின் தோலை ஆழமாகச் சுட்டுவிடும். 49 பாகையில் அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். குழந்தையின் தோல் மெல்லியது என்பதால் இரு நேரங்களும் மேலும் குறையும்.

இந்நடவடிக்கைகள் குழந்தை எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. நிகழ்பட விளையாட்டு கல்வி என்னும் வழியைச் சேர்ந்தது. குழந்தையின் நினைவையும் செயலையும் நம்பியிருப்பது.

வரலாறு

பயன்நோக்கு விளையாட்டு என்ற கருத்து கிளார்க் ஆப்ட் 1970இல் வெளியிட்ட நூலின் வழியாகப் பரவியது. அவர் முதன்மையாக அட்டை, பலகை விளையாட்டுகளையும் பாவனைப் பயிற்சிகளையும் பற்றியே எழுதினார். 1971இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஆசிரியப் பயிற்சி மாணவர் மூவர் உருவாக்கிய தி ஒரெகன் டிரெயில், பள்ளிகளில் பரவலாகப் பயன்பட்ட முதல் கணினி விளையாட்டுகளுள் ஒன்றாகும்.

உடல்நலத் துறையில் குழந்தைகளுக்கான விளையாட்டுகள் 1990களில் தோன்றின. நிண்டெண்டோ நிறுவனத்தின் விளையாட்டுக் கருவிக்காக 1992இல் வெளிவந்த கேப்டன் நோவோலின், நீரிழிவு நோயைப் பற்றியது. அவ்வரிசையில் ஆஸ்துமாவைப் பற்றிய பிராங்கி த பிராங்கியசாரஸ், நீரிழிவைப் பற்றிய பேக்கி அண்ட் மார்லன் ஆகியவை அப்பத்தாண்டின் நடுப்பகுதியில் வந்தன. பேக்கி அண்ட் மார்லன் ஆய்வில் 8 முதல் 16 வயது வரையிலான நீரிழிவுக் குழந்தைகள் ஆறு மாதங்கள் கண்காணிக்கப்பட்டனர். இவ்விளையாட்டைப் பெற்றவர்கள், உடல்நலத்துடன் தொடர்பில்லாத விளையாட்டைப் பெற்றவர்களைவிடக் குறைவாகவே அவசர மருத்துவ உதவியை நாடினர். 2006இல் வெளியான ரீ-மிஷன் என்னும் விளையாட்டு, புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் இளையோர் மருந்துகளை ஒழுங்காக உட்கொள்ள உதவியது என 2008இல் வெளிவந்த, 375 பேர் பங்கேற்ற ஆய்வு காட்டியது.

இவ்வெற்றிகள் பாதுகாப்புக் கல்வியாளர்களுக்கு ஊக்கம் அளித்தன. எனினும் இரண்டிற்கும் இடையே முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. நீரிழிவுள்ள குழந்தை விளையாட்டில் கற்றதை ஒவ்வொரு நாளும் செய்து பார்க்கிறது. வீட்டில் தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவது என்று கற்ற குழந்தைக்கு அதைச் செய்து பார்க்கும் வாய்ப்பு வாழ்நாளில் ஒரு முறைகூட வராமல் போகலாம். வந்தால் அப்பொழுதே பிழையின்றிச் செய்தாக வேண்டும்.

அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1951இல் உருவாக்கிய ஸ்பார்க்கி என்னும் நாய்ச் சின்னம், பிற்காலத்தில் இணைய விளையாட்டுகளிலும் கைபேசிச் செயலிகளிலும் இடம்பெற்றது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரத் தொடர்வண்டி நிறுவனம் 2012 நவம்பரில் டம்ப் வேஸ் டு டை என்னும் விழிப்புணர்வுப் பாடலை வெளியிட்டது. அதனைத் தொடர்ந்து 2013இல் வந்த கைபேசி விளையாட்டு, தொடர்வண்டிப் பாதுகாப்புடன் வீட்டு ஆபத்துகளையும் நகைச்சுவையாகக் காட்டியது.

வகைகள்

வீட்டுப் பாதுகாப்பு விளையாட்டுகளை அவற்றின் செயல்முறையைக் கொண்டு பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

* ஆபத்தைக் கண்டறிதல்: சமையலறை அல்லது குளியலறைப் படம் ஒன்று திரையில் தோன்றும். ஆபத்தான பொருள்களைக் குழந்தை தொட்டுக் காட்ட வேண்டும். உருவாக்குவதற்கு மிக எளியதும் மிகப் பரவலானதும் இவ்வகையே.
* வினாவிடை: ஒரு சூழல் விவரிக்கப்பட்டு, செய்ய வேண்டியது எது எனக் கேட்கப்படும்.
* கிளைக்கதை: கதாபாத்திரத்தின் அடுத்த செயலைக் குழந்தை தேர்ந்தெடுக்கும். தேர்வுக்கேற்பக் கதையின் போக்கு மாறும்.
* பாவனைப் பயிற்சி: முப்பரிமாண வீட்டில் குழந்தை தானே நடந்து, கதவைத் தொட்டு, வெளியேறும் வழியைத் தேடும். மெய்நிகர் உண்மைக் கருவிகளைக் கொண்டும் இது செய்யப்படுகிறது.
* பெற்றோருக்கான விளையாட்டுக் கூறுகள்: செயலியின் சிறு பணிகளை முடிக்கும் பெற்றோருக்குப் புள்ளியோ பரிசோ வழங்கப்படும்.

செயல்படும் முறை

கணினியைப் பொறுத்தவரை இத்தகைய விளையாட்டு பல நிலைகளின் தொகுப்பு ஆகும். மேசையின் விளிம்பில் சூடான தேநீர்க் குவளை இருக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். குவளை விளிம்பில் இருப்பது ஒரு நிலை. நடுவில் நகர்த்தப்பட்டிருப்பது இன்னொரு நிலை. கவிழ்ந்திருப்பது மூன்றாவது நிலை. குழந்தையின் ஒவ்வொரு தொடுகையும் நிரலால் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கான மாற்றமாகப் படிக்கப்படுகிறது. குறிப்பிட்ட நேரத்திற்குள் எந்தத் தொடுகையும் நிகழவில்லை என்றால், குவளை கவிழும் நிலைக்குக் காட்சி தானே நகருமாறும் அமைக்கலாம். எதுவும் செய்யாதிருப்பதும் ஒரு தேர்வே என்பதை அச்சிட்ட நூலைவிட விளையாட்டு எளிதாகக் காட்டுகிறது.

கற்றல் நோக்கில் மூன்று கூறுகள் முதன்மையானவை.

முதலாவது, உடனடிப் பின்னூட்டம். தவறான தேர்வின் விளைவு அப்பொழுதே தெரிகிறது. வீட்டு ஆபத்துகளில் இயல்பாக இத்தகைய பின்னூட்டம் கிடைப்பதில்லை. மருந்துப் புட்டியைக் கீழ்த்தட்டில் வைக்கும் வழக்கம் நூறு நாள் எந்தத் தீங்கும் இன்றிக் கடந்து போகலாம். தீங்கற்ற அந்த நாள்களே வழக்கத்தை உறுதிப்படுத்திவிடுகின்றன.

இரண்டாவது, தீங்கின்றித் திரும்பத் திரும்பச் செய்தல். புகை நிறைந்த அறையிலிருந்து வெளியேறுவதை உண்மையான புகையில் பழக்க இயலாது. திரையில் அதனைப் பல முறை செய்யலாம்.

மூன்றாவது, தன்னால் இயலும் என்னும் நம்பிக்கை. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் முன்வைத்த கருத்தின்படி, ஒரு செயலைத் தன்னால் செய்ய முடியும் என்று நம்புபவரே அதனை மேற்கொள்ள முனைகிறார். பிறர் செய்வதைக் கண்டும், தானே வெற்றியுடன் செய்தும் அந்நம்பிக்கை வளர்கிறது.

தவறின் விளைவை எவ்வாறு காட்டுவது என்பது வடிவமைப்பாளர் எதிர்கொள்ளும் கடினமான முடிவாகும். விளைவை அச்சமூட்டும் வகையில் காட்டினால் சிறு குழந்தை விளையாட்டையே விட்டுவிடக்கூடும். வேடிக்கையாகக் காட்டினால், அந்த வேடிக்கையைக் காண்பதற்காகவே தவறான விடையை மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுக்கக்கூடும். இதனால் சில விளையாட்டுகள் தவறான தேர்வில் காட்சியை நிறுத்தி, சரியான செயலைக் காட்டிய பின்னரே தொடர விடுகின்றன.

முதன்மையான ஆய்வுகள்

தீயிலிருந்து வெளியேறுதல்

கருவுற்றிருந்தபோது தாய் மது அருந்தியதால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்குத் தீப் பாதுகாப்பையும் சாலைப் பாதுகாப்பையும் கற்பிக்கும் கணினி விளையாட்டுகள் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டன. இக்குழந்தைகளுக்குக் கவனமும் நினைவும் குறைவாக இருப்பதால், சொல்லிக் கற்பித்தல் போதுமானதாக இருப்பதில்லை. 2007இல் வெளிவந்த ஆய்வில் 4 முதல் 10 வயது வரையிலான 32 குழந்தைகள் பங்கேற்றனர். ஒரு பாதியினர் தீ பற்றிய விளையாட்டையும் மறு பாதியினர் சாலை பற்றிய விளையாட்டையும் ஆடினர். ஒரு வாரத்திற்குப் பின் குழந்தைகளிடம் வாய்மொழியாகக் கேட்டதுடன், பாவனையாக அமைக்கப்பட்ட உண்மையான இடத்தில் செய்துகாட்டவும் சொல்லப்பட்டது. 72 விழுக்காட்டினர் எல்லாப் படிகளையும் சரியாகச் செய்தனர். விளையாட்டு கற்பித்தது சில படிகளைக் கொண்ட ஒரே செயல்தொடர் மட்டுமே என்பது இவ்வெற்றியில் கவனிக்கத்தக்கது.

த கிரேட் எஸ்கேப், த புளூ டாக்

கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்பரா மோரன்ஜெல்லோ, அமெரிக்காவின் பர்மிங்காமில் உள்ள அலபாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஷ்வீபல் ஆகியோர் குழந்தைக் காயங்களை ஆராயும் உளவியலாளர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். இவர்களும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் இரண்டு மென்பொருள்களைப் பற்றிய முடிவுகளை வெளியிட்டனர். பங்கேற்றவர்கள் மூன்றரை முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகள்.

தீப் பாதுகாப்பைக் கற்பிக்கும் த கிரேட் எஸ்கேப் என்னும் விளையாட்டை ஆடிய குழந்தைகளிடம் தீ பற்றிய அறிவும் நடத்தையும் மேம்பட்டன. ஐரோப்பாவில் உருவாக்கப்பட்ட த புளூ டாக் என்னும் மென்பொருள், வீட்டு நாயுடன் எப்போது நெருங்கலாம், எப்போது விலக வேண்டும் என்று கற்பிப்பது. உறங்கும் நாய், உண்ணும் நாய், குட்டிகளுடன் இருக்கும் நாய் போன்ற சூழல்கள் அதில் இடம்பெறுகின்றன. அதனை ஆடிய குழந்தைகள், படங்களில் ஆபத்தான சூழல்களை அடையாளம் காண்பதில் மற்றக் குழுவைவிட முன்னேறினர். ஆனால் உண்மையான நாய் ஒன்றின் அருகே அவர்கள் நடந்துகொண்ட முறையில் இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை.

கூல் ரன்னிங்ஸ்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உருவாக்கப்பட்ட கூல் ரன்னிங்ஸ் என்னும் கைபேசிச் செயலி, குழந்தைகளுக்கன்றித் தாய்மார்களுக்காக அமைக்கப்பட்டது. தேநீர், காப்பி போன்ற சூடான பானங்கள் கொட்டுவதால் ஏற்படும் காயங்களைக் குறைப்பது அதன் நோக்கம். 5 முதல் 12 மாதம் வரையிலான குழந்தைகளின் தாய்மார் 498 பேர் இவ்வாய்வில் சேர்க்கப்பட்டனர். குறுஞ்செய்திகள், படங்கள், வினாவிடைகள் ஆகியவற்றுக்குப் புள்ளிகளும் பரிசுகளும் வழங்கப்பட்டன. ஆறு மாத முடிவில், தீக்காய ஆபத்து பற்றியும் முதலுதவி பற்றியும் இத்தாய்மார்களின் அறிவு ஒப்பீட்டுக் குழுவினரின் அறிவைவிடக் கூடுதலாக வளர்ந்திருந்தது. வெந்த இடத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடங்கள் வைத்திருக்க வேண்டும் என்ற முதலுதவி விதியையே செயலியின் பெயரும் நினைவூட்டுகிறது.

அறிதலும் செய்தலும்

த புளூ டாக் ஆய்வில் வெளிப்பட்ட இடைவெளி, பாதுகாப்புக் கல்வியில் முன்னரே அறியப்பட்டதாகும். அமெரிக்க வீடுகளில் துப்பாக்கி வைத்திருப்போர் பலர் என்பதால், துப்பாக்கியைக் கண்டால் தொடாமல் விலகிப் பெரியவரிடம் சொல்லும்படி குழந்தைகளுக்குக் கற்பிக்கும் திட்டங்கள் அங்கு உள்ளன. 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 4, 5 வயதுக் குழந்தைகள் இருவகைப் பயிற்சிகளைப் பெற்றனர். பின்னர் அவர்கள் விதியைச் சரியாகச் சொன்னார்கள். நடித்துக்காட்டச் சொன்னபோது, செய்துபழகும் பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தனர். சோதனை எனத் தெரியாத சூழலில் துப்பாக்கியைக் கண்டபோதோ, இரண்டு பயிற்சிகளுமே பயனளிக்கவில்லை.

இதனால் பாதுகாப்புத் திறனை மூன்று நிலைகளில் அளவிடுவது வழக்கமாயிற்று. விதியைச் சொல்லுதல் முதல் நிலை. கேட்டுக்கொண்டபோது செய்துகாட்டுதல் இரண்டாம் நிலை. எவரும் கேளாதபோதும், சோதனை என்று அறியாதபோதும் தானாகச் செய்தல் மூன்றாம் நிலை. திரையில் பெறும் புள்ளிகள் பெரும்பாலும் முதல் நிலையையே அளக்கின்றன.

இந்த இடைவெளிக்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. திரையில் ஆபத்து தனித்துக் காட்டப்படுகிறது. வீட்டில் அது நூறு பொருள்களுக்கிடையே கலந்திருக்கிறது. திரையில் கேள்வி கேட்கப்படுகிறது. வீட்டில் இது பாதுகாப்பு தொடர்பான தருணம் என்பதையே குழந்தை தானாக உணர வேண்டும். திரையிலுள்ள நாயைத் தடவும் ஆசை எழுவதில்லை. மென்மயிருடன் அருகில் படுத்திருக்கும் நாயிடம் அந்த ஆசை எழுகிறது.

கற்ற செயலைத் தொடங்கவே இயலாத நிலையும் உண்டு. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் நடத்தப்பட்டு 2006இல் வெளிவந்த ஆய்வில், உறங்கும் 6 முதல் 12 வயது வரையிலான 24 குழந்தைகளிடம் புகை எச்சரிக்கை மணிகள் சோதிக்கப்பட்டன. தாயின் குரலில் பெயர் சொல்லி அழைத்த மணிக்கு 96 விழுக்காட்டினர் விழித்தனர். வழக்கமான ஒலிக்கு 58 விழுக்காட்டினரே விழித்தனர். வெளியேறும் வழியை விளையாட்டின் மூலம் நன்கு கற்ற குழந்தையும், விழித்தால் மட்டுமே அதனைப் பயன்படுத்த இயலும்.

வயதுப் பொருத்தம்

நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் மூன்றரை வயதிற்கு மேற்பட்ட குழந்தைகளைப் பற்றியவை. ஆனால் சூடான பானத்தால் ஏற்படும் காயங்கள் ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை மிகுதியாக உள்ளன. மருந்தையும் துப்புரவுத் திரவத்தையும் வாயில் வைக்கும் வயதும் ஏறத்தாழ அதுவே. அதாவது, வீட்டு ஆபத்து மிகுந்த வயதினர் இவ்விளையாட்டுகளை ஆட இயலாதவர்கள். இவ்வயதினரைப் பொறுத்தவரை கற்க வேண்டியவர்கள் பெற்றோரும் பராமரிப்பவர்களும் ஆவர்.

நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகள் விதியைக் கற்பார்கள். எனினும் ஒரு சூழலில் கற்றதைச் சற்று மாறுபட்ட சூழலுக்குப் பொருத்துவது அவர்களுக்குக் கடினம். ஏழு வயதிற்கு மேற்பட்டவர்கள் காரணத்தைப் புரிந்துகொள்ளத் தொடங்குகின்றனர். அவர்களுக்கு ஏன் என்பதை விளக்கும் விளையாட்டு பொருந்தும்.

விமர்சனங்கள்

இவ்விளையாட்டுகளின் மீதான முதன்மையான விமர்சனம் பொறுப்பு பற்றியது. ஒரு பொருளைப் பாதுகாப்பாக வடிவமைப்பதைவிட, அதன் ஆபத்தைக் குழந்தைக்குக் கற்பிக்கும் விளையாட்டை வெளியிடுவது செலவு குறைந்தது. இதனால் உற்பத்தியாளர், வீட்டு உரிமையாளர், அரசு ஆகியோர் ஏற்க வேண்டிய பொறுப்பு குழந்தையின் நினைவின் மீது சுமத்தப்படும் வாய்ப்பு உள்ளது. காயம் ஏற்பட்டபின், கற்றுக் கொடுத்தும் கேட்கவில்லை என்று குழந்தையைக் குறைகூறவும் அது இடமளிக்கும்.

வீட்டுப் பாதுகாப்புக் கல்வியையும் பாதுகாப்புக் கருவிகள் வழங்குவதையும் பற்றிய 98 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மீள்பார்வை 2012இல் வெளியானது. இத்தகைய திட்டங்கள் புகை எச்சரிக்கை மணி, மாடிப்படித் தடுப்பு, மருந்துகளைப் பாதுகாப்பாக வைத்தல் போன்ற பழக்கங்களைக் கூட்டுகின்றன என்று அது கண்டது. இத்தகைய திட்டங்கள், குறிப்பாக வீட்டிலேயே வழங்கப்படும்போது, காயங்களைக் குறைக்கக்கூடும் என்பதற்குச் சில சான்றுகள் உள்ளன என்றும் அது குறிப்பிட்டது.

இரண்டாவது விமர்சனம், விளையாட்டில் வரும் வீடு பற்றியது. பெரும்பாலான விளையாட்டுகள் வட அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளை மாதிரியாகக் கொண்டவை. அவற்றில் மின் அடுப்பும், தனி அறைகளும், மாடிப்படியும் உள்ளன. இறப்புகள் மிகுந்த நாடுகளில் ஆபத்துகள் வேறு. தரையில் வைத்துச் சமைக்கும் அடுப்பு, மண்ணெண்ணெய் விளக்கு, குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கப்பட்ட மண்ணெண்ணெய், மூடப்படாத கிணறு, வீட்டை ஒட்டிய குளம் ஆகியவை அவற்றுள் சில. தென்னாப்பிரிக்காவில் மண்ணெண்ணெய்க்குக் குழந்தைகளால் திறக்க இயலாத கலன்கள் இலவசமாக வழங்கப்பட்டபோது, மண்ணெண்ணெய் குடித்த நிகழ்வுகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. விளையாட்டை வேறொரு நாட்டில் பயன்படுத்தும்போது மொழியை மாற்றுவது மட்டும் போதாது; வீட்டையும் மாற்றி வரைய வேண்டும்.

மூன்றாவது, அளவீடு பற்றியது. ஒரு விளையாட்டு எத்தனை முறை பதிவிறக்கப்பட்டது என்பது அதன் பரவலைக் காட்டும். எத்தனை காயங்களைத் தடுத்தது என்பதைக் காட்டாது. கடுமையான காயம் தனியொரு வீட்டில் அரிதாகவே நிகழ்வதால், விளையாட்டின் விளைவைக் காயங்களின் எண்ணிக்கையில் காண மிகப் பெரிய ஆய்வு தேவைப்படும். எனவே பெரும்பாலான ஆய்வுகள் அறிவையும் பாவனைச் செயலையும் அளப்பதோடு நிற்கின்றன.

பயன்படுத்தும் முறை

மேற்கூறிய ஆய்வுகளிலிருந்து, ஆசிரியரும் பெற்றோரும் ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்கத்தக்கவை:

* விளையாட்டு கற்பிக்கும் செயல் தெளிவானதாகவும் சில படிகளுக்குள் அடங்குவதாகவும் இருத்தல். கவனமாக இரு என்பது செயல் அன்று. கதவு சூடாக இருந்தால் திறக்காதே என்பது செயல்.
* குழந்தை தேர்ந்தெடுப்பதோடு நில்லாமல், வரிசையாகச் செய்துகாட்டும் வாய்ப்பு இருத்தல்.
* தவறான தேர்வுக்குப் பின் சரியான செயலைக் காட்டுதல்.
* காட்டப்படும் பொருள்களும் அறைகளும் குழந்தை வாழும் வீட்டை ஒத்திருத்தல்.
* திரையில் கற்றதைப் பெரியவர் ஒருவருடன் சொந்த வீட்டில் நடந்து, செய்து பார்த்தல்.

இறுதியாகக் கூறப்பட்டதே திரைக்கும் வீட்டிற்கும் இடையிலான இடைவெளியைக் குறைக்கும் எளிய வழியாகும். ஆபத்தைக் கண்டறியும் விளையாட்டை ஆடி முடித்த குழந்தை தன் வீட்டின் சமையலறையில் அதே தேடலைச் செய்யும்போது, கைக்கெட்டும் மருந்துப் புட்டியும் விளிம்பில் உள்ள குவளையும் பெரியவரின் கண்ணிலும் படுகின்றன. அவற்றை எடுத்து உயரத்தில் வைப்பதும் பூட்டி வைப்பதும் பெரியவரின் பணியாகும். விளையாட்டை ஆட இயலாத வயதிலுள்ள தம்பி தங்கைகளுக்கும் அதனால் பாதுகாப்புக் கிடைக்கிறது.

இவற்றையும் பார்க்கவும்

* கல்வி விளையாட்டுகள்
* தீக்காயம்
* முதலுதவி
* மெய்நிகர் உண்மை
* ஹேடன் அணி